பல்லுக்குப் பின்னால் ஒட்டிய கம்பி

12 மார்ச் 2024, செவ்வாய்

இன்று மூன்று பேருக்கு க்ளிப் கழற்றினேன். கடைசி ஆள் கோர் ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் பதினைந்து வயதுப் பெண். கழற்றி முடித்ததும் என் உதவியாளர் மெரியானா வழக்கம்போல மணியடித்து, பைனாப்பிள் லம்ப்ஸ் பொட்டலத்தை அவள் மடியில் போட்டாள். இரண்டு வருடம் அந்த ஒட்டுமிட்டாயைத் தொடவே கூடாது என்று மிரட்டிவிட்டு, கடைசி நாளில் அதையே பொட்டலமாகக் கொடுப்பது எங்கள் கிளினிக் வழக்கம். பெண்ணோ மிட்டாயைப் பிரிக்காமல் நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே இருந்தாள். வழவழன்னு இருக்காம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

அப்புறம் என் பிரசங்கம். முப்பத்தோரு வருடமாக அதே பிரசங்கம்தான். "பல்லு பழைய எடத்துக்குத்தான் ஓடப் பாக்கும். நேரா நிறுத்தறது என் வேலை, நிக்க வைக்கறது உன் வேலை. பல்ல நகராம பிடிக்கற இந்த ரிடெய்னர ராத்திரி மாட்டாம படுத்தா நான் பண்ணதெல்லாம் வீண்." பெண்ணின் அம்மா, காதில் விழுந்ததா என்பதுபோல மகளை முறைத்தாள். அந்த இடத்தில் எல்லா அம்மாக்களும் முறைப்பார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு முட்டை, இரண்டு துண்டு ரொட்டி. பிரிஸ்பேனில் இருக்கும் மகள் ஐல்சாவுக்கு, எப்படி இருக்கிறாய் என்று செய்தி அனுப்பினேன். "நல்லா இருக்கேன். வேலை." மூன்று வார்த்தை. போன வாரம் இரண்டு.

15 மார்ச், வெள்ளி

நாள் முழுக்கக் காற்று. வானொலியில் செம்மறியாட்டு விலை முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன். என்னிடம் ஆடு இல்லை.

17 மார்ச், ஞாயிறு

ஃபெர்கஸ் இருந்தவரை எனக்கும் மகளுக்கும் பேச்சு நிற்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், நாங்கள் பேசவே இல்லை. அவள் அப்பாவைக் கூப்பிடுவாள். ஒரு மணி நேரம் சிரிப்பு. கடைசியில் அவர், "இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். நான் வாங்கி, சாப்பிட்டாயா, மழையா, ரிடெய்னர் போடுகிறாயா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அவர் போனதோடு அந்த "இந்தா"வும் போய்விட்டது.

அவரை அடக்கம் செய்த நாள். எழுதிவிடுகிறேன், ஒன்றரை வருடமாக இதை எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். 2022 ஆகஸ்ட். ஐல்சா விமான நிலையத்திலிருந்து நேரே தேவாலயத்துக்கு வந்தாள். அழுதுகொண்டே என் பக்கம் நடந்து வந்தாள், வாய் திறந்திருந்தது. நான் என் மகள் அழுவதைப் பார்க்கவில்லை. கீழ் வரிசையில் இடது கோரைப்பல் திரும்பியிருப்பதைப் பார்த்தேன். "ராத்திரி ரிடெய்னர் போடறதில்லையா நீ?" என்று கேட்டேன்.

கேட்டேன். சவப்பெட்டிக்கு நாலடி தள்ளி நின்று கேட்டேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு காணொலி அழைப்பில் எனக்குத் தெரிவதெல்லாம் அவள் வீட்டுக் கூரைதான். கூரையில் ஒரு விசிறி சுற்றுகிறது.

3 ஏப்ரல், புதன்

இன்று ஒரு வாக்குவாதம். ஷோனா மக்ரே என்று ஒரு பழைய ஆள், ஒட்டௌடௌவில் மாட்டுப்பண்ணை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் க்ளிப் போட்டவள். கீழ்ப்பல் ஒன்று வெளியே துருத்துகிறது, ஈறு இறங்குகிறது என்று வந்தாள். ரப்பர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, சாக்ஸோடு நாற்காலியில் ஏறிப் படுத்தாள்.

நான் பார்த்ததுமே என் பழைய பாட்டைப் பாடினேன். ரிடெய்னரை விட்டிருப்பீர்கள், விட்டால் இப்படித்தான் ஆகும் என்றேன்.

ஷோனா எழுந்து உட்கார்ந்தாள். "டாக்டர், நான் விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து அறுநூறு மாட்டுக்குப் பால் கறக்கறவ. கல்யாணத்தன்னிக்கு ராத்திரிகூட அந்த சனியனப் போட்டுக்கிட்டுதான் படுத்தேன். என் புருஷன வேணா கேளுங்க, இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறான். அஞ்சு வருஷமா ரிடெய்னரோட கீழ்செட்டு சரியா உக்காரவே இல்ல. இருந்தும் அமுக்கிப் போட்டேன். இதுக்கு மேல நான் என்ன பண்ணணும்?"

மெரியானா என்னைப் பார்த்தாள். நோயாளி முன்னால் அவள் என்னை "டாக்டர்" என்பாள். ஷோனா போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "எல்ஸ்பெத், அந்தப் பொண்ணு பொய் சொல்லல. நீ திரும்பப் பாரு."

4 ஏப்ரல், வியாழன்

திரும்பப் பார்த்தேன். ஷோனாவின் பழைய பல் அச்சு, நேற்று எடுத்த படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கீழ் முன்பற்கள் ஆறும் நகராமல் இருக்க அவற்றின் பின்னால் நான் ஒட்டிய கம்பி ஒரு இடத்திலும் உடையவில்லை, ஒரு பல்லிலும் பெயரவில்லை. கம்பி முழுசாக இருக்கும்போது, ரிடெய்னர் போட்டாலும் போடாவிட்டாலும் பல் இப்படித் திரும்ப வழியில்லை. இடது கோரைப்பல்லின் வேர் வெளிப்பக்கம் போகிறது, வலதுடையது உள்பக்கம். ஒரு துணியை இரண்டு முனையில் பிடித்துப் பிழிந்ததுபோல. பல் தானாக நகரவில்லை. கம்பி நகர்த்தியிருக்கிறது.

என் கம்பி.

இப்படி நடக்கும் என்று படித்திருக்கிறேன். நூறில் ஒன்றிரண்டு என்று. அந்த ஒன்றிரண்டு வேறு யாரோ ஒருவருடைய நோயாளி என்றே படித்தேன். முப்பத்தோரு வருடத்தில் பல் திரும்பி வந்த ஒவ்வொருவரையும் நான் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறேன், அதில் பதிலும் சேர்ந்தே இருந்தது. எத்தனை பேர் தலையைக் குனிந்துகொண்டு போனார்களோ.

ஷோனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது, நேற்று பேசியதற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். பின்னால் மாடுகளின் சத்தம் கேட்டது. "சரி, மன்னிச்சாச்சு. எப்ப சரி பண்றீங்க? கன்னு போடற சீசன்ல மட்டும் கூப்பிடாதீங்க."

6 ஏப்ரல், சனி

இதை எழுத இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

ஐல்சாவுக்கும் அதே கம்பி.

ஷோனாவுக்காவது கோப்பு இருக்கிறது, அச்சு இருக்கிறது. ஐல்சாவுக்கு ஒன்றும் இல்லை. சொந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கும் பல் டாக்டர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. வீட்டுப் பெண்தானே, கண் முன்னால்தானே இருக்கிறாள், கோப்பு எதற்கு? டனீடினில் இருக்கும் இன்னொரு பல் டாக்டரிடம் அனுப்பியிருக்கலாம். இரண்டரை மணி நேரப் பயணம் என்று சாக்குச் சொன்னேன். உண்மை அதுவல்ல. என் மகள் வாயில் இன்னொருவர் கைவேலையா என்ற திமிர்.

2010 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குப் பதினாறு வயது. மறுநாள் துடுப்புப் படகு முகாமுக்குப் போகவேண்டும். கிளினிக்கில் நாங்கள் மூன்று பேர்தான். மெரியானாவுக்கு விடுமுறை, அதனால் பசை இறுகவைக்கும் நீல விளக்கைப் பிடித்தது ஃபெர்கஸ். அச்சு எடுத்து, அதன்மேல் வைத்து வளைக்க வேண்டிய கம்பியை அவசரத்தில் கண்ணளவாக வளைத்தேன். இடது கோரைப்பல்லில் ஒரு நூல் தள்ளி நின்றது. விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "அடிங்க விளக்கை" என்றேன். இருபது நொடி.

அமுக்கி ஒட்டிய கம்பி அமுங்கிக் கிடக்காது. பல்லோடு சேர்த்து நிமிரப் பார்க்கும். இதைப் பல்கலைக்கழகத்தில் நானே பாடமாக நடத்தியிருக்கிறேன்.

சாவுக்கு வந்தவர்கள் எடுத்த படங்களில் ஒன்றில் ஐல்சா அவள் சித்தப்பாவோடு ஏதோ பேசிச் சிரிக்கிறாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பல்லில் ஈறு அப்போதே இறங்கியிருக்கிறது. வேர் எலும்பை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறது. இப்படியே விட்டால் பல் போய்விடும், முப்பது வயதில். பார்த்து முடித்ததும்தான் உறைத்தது, அன்றைக்கு எடுத்த ஒரே சிரித்த படத்தைக்கூட நான் வாயளவுக்கு வெட்டித்தான் பார்த்திருக்கிறேன்.

9 ஏப்ரல், செவ்வாய்

மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. "உன் கீழ்ப்பல்லைப் பற்றிப் பேச வேண்டும், அவசரம்" என்று செய்தி அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. "இன்னும் பல்லா?"

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

13 ஏப்ரல், சனி

தட்டச்சு செய்யாமல் கையால் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். மெரியானாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை முடித்தாள்.

"இது பொண்ணுக்கு எழுதின லெட்டரா, இன்ஷூரன்ஸ்காரனுக்கு எழுதினதா?"

"ஏன், எல்லாம் தெளிவாத்தானே இருக்கு?"

"தெளிவுக்கென்ன கொறச்சல். 'மேற்படி கம்பி'ன்னு எழுதியிருக்க. எங்க அம்மா எனக்கு இப்படி ஒரு லெட்டர் போட்டிருந்தா அடுப்பு பத்தவைக்க வச்சிருப்பேன். நீ என்ன பண்ணன்னு நாலு வரில சொல்லு. காரணம் சொல்லாத. உன் காரணம் யாருக்கு வேணும்?"

கோபம் வந்தது. கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அவள் மேல் நான் கதவை அடித்துச் சாத்தியது இதுதான் முதல் தடவை. கிளினிக் கதவு மெதுவாகத்தான் சாத்தும், அதனால் அதுவும் எடுபடவில்லை.

21 ஏப்ரல், ஞாயிறு

ஒரு வாரத்தில் ஒன்பது தடவை எழுதிக் கிழித்தேன். இன்று அஞ்சலில் போடத் தயாராக இருப்பது இதுதான்:

"ஐல்சா, உன் பல் திரும்பியதற்குக் காரணம் நீ இல்லை. நான் ஒட்டிய கம்பி. ஒட்டும்போது அமுக்கிப் பிடித்தேன், அது தப்பு. அப்பாவின் சாவில் உன்னைக் கேட்டது அதைவிடப் பெரிய தப்பு. கம்பியை உடனே எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பல் போய்விடும். உங்கள் ஊரில் நல்ல டாக்டர் ஒருவர் பெயர் கீழே எழுதியிருக்கிறேன். என்னிடம் வரவேண்டாம். அம்மா."

'என்னிடம் வரவேண்டாம்' என்பதை மட்டும் மூன்று தடவை அடித்து மூன்று தடவை எழுதினேன். நானே எடுக்கவேண்டும் என்று கை துடிக்கிறது. அந்தக் கைதானே போட்டது.

2 மே, வியாழன்

பல்லுக்குப் பின்னால் அதே கம்பி ஒட்டிய ஆட்களின் பட்டியலை மெரியானா எடுத்துவிட்டாள். நாற்பத்திமூன்று பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரச்சொல்கிறோம். சரி பண்ணினதோடு நம் வேலை முடிந்தது, நிலைப்பது அவர்கள் பாடு என்று சொல்லி அனுப்பிவிட்ட ஆட்கள். பாதிப் பேருக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலர் ஊரிலேயே இல்லை.

ஐல்சாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

8 மே, புதன்

பிளஃப் துறைமுகத்துச் சிப்பி ஒரு டஜன் வாங்கினேன். சீசனுக்கு ஒரு தடவையாவது வாங்காமல் இருக்க முடியாது. ஆறு அவருக்கு, ஆறு எனக்கு என்பது கணக்கு. பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே பன்னிரண்டையும் தின்றேன். மேசையில் தட்டு வைக்கத் தோன்றவில்லை.

தனியாக இருக்கிறேன் என்று இதுவரை எழுதியதில்லை. தனியாக இருக்கிறேன்.

19 மே, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு ஐல்சா கூப்பிட்டாள். அவளே கூப்பிட்டாள்.

"லெட்டர் வந்துச்சு."

"படிச்சியா?"

"நாலு தடவ." பிறகு, "தெனமும் போட்டேம்மா. ஒரு நாள் விடல. கீழ்செட்டு உக்கார மாட்டேன்னுச்சு, கடிச்சு கடிச்சு உக்கார வச்சேன். ரத்தம் வரும். உன்கிட்ட சொன்னா, நீ போடல அதான்னு சொல்லுவ. அதான் சொல்லல. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நாந்தான் எங்கயோ ஒழுங்கா போடலையோன்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். விடவில்லை.

"அப்பா பெட்டிக்குள்ள கெடக்கறாரு. நான் அழுதுக்கிட்டு வரேன். நீ என்ன கேட்ட? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு. உன் வாயால சொல்லு."

சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் அவள் அழுதாள். இந்தப் பக்கம் நானும் அழுதேன், ஆனால் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். அதுவும் தப்போ? அழுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கலாமோ?

"இப்ப யாரு எடுக்கறது? நீயா வருவ?"

"இல்ல. என் கை வேண்டாம்."

"ம்," என்றாள். வைத்துவிட்டாள். விசிறி சுற்றும் கூரைகூட இன்று இல்லை. வெறும் குரல்தான்.

20 மே, திங்கள்

ஐல்சாவுக்குப் பெயர் எழுதி அனுப்பியிருந்த பிரிஸ்பேன் டாக்டர் தாவுக்குக் கடிதம் எழுதினேன். "கம்பியை ஒட்டியது நான். நோயாளி என் மகள். பதிவுகள் எதுவும் வைக்கவில்லை. ஒட்டும்போது கம்பியை அமுக்கிப் பிடித்தேன்." எங்கள் தொழிலில் யாரும் இப்படி எழுதமாட்டார்கள். "நோயாளியின் ஒத்துழைப்பு போதவில்லை" என்பார்கள். மெரியானா படித்துவிட்டு உறையில் போட்டு ஒட்டினாள். அப்புறம் எனக்கு ஒரு சீஸ் ரோல் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள்.

12 ஜூன், புதன்

டாக்டர் தாவ் கூப்பிட்டார். சின்னப் பெண்தான், நாற்பது இருக்கலாம். ஸ்கேனில் வேர் எலும்பை விட்டுப் பாதிக்கு மேல் வெளியே வந்திருக்கிறதாம். ஈறு ஐந்து மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. கம்பியை எடுத்து, வேரைத் திரும்ப எலும்புக்குள் கொண்டுவந்து, பிறகு ஈறு ஒட்டுவைக்கவேண்டும். "காப்பாத்திடலாம்னு நெனைக்கறேன் டாக்டர். உறுதியா சொல்ல மாட்டேன்."

இதையெல்லாம் என்னிடம் சொல்ல என் மகளின் சம்மதம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அவங்கதான் உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

அந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிடும்போதும் கழுவும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

25 ஜூன், செவ்வாய்

ஐல்சாவின் செய்தி: "அடுத்த வியாழன் கம்பி எடுக்கறாங்க. வரணும்னா வா."

வரவேண்டும் என்கிறாளா, வராதே என்கிறாளா? மெரியானாவிடம் காட்டினேன். "டிக்கெட் போடு, பைத்தியம்" என்றாள்.

4 ஜூலை, வியாழன். பிரிஸ்பேன்

வரவேற்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். கூட வந்தவர் பெயர், உறவு. பெயருக்கு முன்னால் கை பழக்கத்தில் 'டாக்டர்' என்று எழுதிவிட்டது. அடித்துவிட்டு எழுதினேன். உறவு: அம்மா.

ஐல்சா வேலை உடுப்பிலேயே வந்தாள். ஆற்றுப் படகில் கயிறு கட்டும் வேலை, தோளெல்லாம் கறுத்திருக்கிறது. "வந்துட்டியா" என்றாள். பையையும் ஜாக்கெட்டையும் என் கையில் திணித்தாள்.

டாக்டர் தாவ் வெளியே வந்து, "நீங்களும் உள்ள வாங்க டாக்டர். ஒரு பார்வை பாத்தீங்கன்னா எனக்கும் தைரியமா இருக்கும்" என்றார். மரியாதைக்குத்தான் கூப்பிட்டார். ஐல்சா சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகவேண்டும் போல இருந்தது. எவ்வளவு போகவேண்டும் போல இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். பதினாலு வருடமாக என் கம்பி கிடந்த வாய்.

"இல்ல, நான் இங்கயே உக்காந்திருக்கேன்," என்றேன். ஐல்சா திரும்பி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே எனக்கு எல்லாம் கேட்கும். பசையைச் சுரண்டும் சத்தம் எந்தப் பல்லில் என்று கூடத் தெரியும். ஆறு தடவை ஏறி இறங்கியது. ஆறாவது இடது கோரைப்பல், அங்கே ரொம்ப நேரம் நின்றது. ஜாக்கெட்டில் டீசல் வாசனை. அதை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு அம்மா தன் பையனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது சின்ன நெகிழிப் பையில் அந்தக் கம்பி. "வேணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நாக்கால் பின்பக்கம் தடவிப் பார்த்தாள். "என்னமோ மாதிரி இருக்கும்மா. காலியா."

பிறகு அவள் படகில் ஏறினோம். எட்டு வருடமாக அந்தப் படகில் வேலை செய்கிறாள், நான் ஏறியது இன்றுதான். கூட வேலை செய்யும் ஒரு தடியன், "ஓ, அந்தப் பல்டாக்டர் அம்மா இவங்கதானா?" என்று கேட்டுவிட்டு வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "நான் சிரிக்க மாட்டேம்ப்பா. இவ சொல்லியிருக்கா."

என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேட்கவில்லை. தெரியும்.

6 ஜூலை, சனி

திரும்பி வந்தாயிற்று. வீட்டில் குளிர். ஐல்சா விமான நிலையம் வரை வரவில்லை, வேலை. ஓட்டலில்தான் தங்கினேன், அவள் வீட்டுக்கு வரச்சொல்லவில்லை. இரண்டு வேளை சேர்ந்து சாப்பிட்டோம். அதற்குமேல் நானே கற்பனை செய்துகொள்ளக் கூடாது.

17 ஆகஸ்ட், சனி

டனீடினில் எங்கள் தொழில் டாக்டர்களின் கூட்டம். வருடாவருடம் அவரவர் சரிசெய்த பல்வரிசையில் அழகானதைத் திரையில் காட்டுவது வழக்கம். முடித்த அன்று எடுத்த படம், சுற்றிலும் கைதட்டல். பத்து வருடம் கழித்து எடுத்த படத்தை யாரும் காட்டச் சொல்வதில்லை. நான் இன்று ஷோனாவின் இரண்டு படத்தையும் காட்டினேன், அவள் அனுமதியோடு. நாற்பத்திமூன்று பேரில் முப்பத்தாறு பேர் வந்தார்கள், ஷோனாவைச் சேர்த்து மூன்று பேருக்குத் திரும்பியிருக்கிறது, மூன்றுமே என் கைவேலை என்று சொன்னேன்.

தேநீர் நேரத்தில் என்னோடு யாரும் வந்து நிற்கவில்லை. வண்டி எடுக்கும்போது ஒரு பெரியவர் ஓடிவந்தார். "என்கிட்டயும் நாலஞ்சு இருக்கு எல்ஸ்பெத். ரிடெய்னர் போடலன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். மழையில் தொப்பிகூடப் போடாமல் நின்றார். கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

30 நவம்பர், சனி

ஐல்சா கூப்பிட்டாள். மறுபடி க்ளிப் போட்டு நாலு மாதம். படகில் எல்லோரும் "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று கேலி செய்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சிரித்தேன்.

9 மார்ச் 2025, ஞாயிறு

இரண்டு வாரமாக ஒன்றும் இல்லை. கூப்பிடவா, வேண்டாமா. வேண்டாம்.

22 ஜூன், ஞாயிறு

ஈறு ஒட்டுவைத்து நாலு நாள். "சூப் மட்டும்தான். அப்பா வைப்பாரே, அந்தப் பட்டாணி சூப்பு எப்படி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. அடுப்பு அவருடையது. பழைய நோட்டில் தேடி, அவர் கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு 'உப்பு' எழுத மறந்துட்டாரு" என்று பதில் வந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம்.

15 நவம்பர், சனி

க்ளிப் கழற்றியாயிற்று. வேர் எலும்புக்குள் இருக்கிறது. ஈறு பழைய உயரத்துக்கு வரவில்லை, ஒரு மில்லிமீட்டர் குறைவாக நிற்கும், எப்போதும் நிற்கும். டாக்டர் தாவ் இந்தத் தடவை பின்னால் கம்பி ஒட்டவில்லை. இரவில் ரிடெய்னர், ஆயுசுக்கும். நிலைக்குமா என்று அவரைக் கேட்கவில்லை. யாரும் உறுதி சொல்ல முடியாத கேள்வி அது என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று ஐல்சா கேட்டாள்.

3 ஜனவரி 2026, சனி

காலையில் ஐல்சாவை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். பன்னிரண்டு நாள் இருந்தாள். இரண்டு தடவை சண்டை, ஒரு தடவை நான் ஜெயித்தேன்.

குளியலறையைத் துடைக்கப் போனால், அலமாரியில் அவள் ரிடெய்னர் டப்பா. திறந்தால் உள்ளே மேல்செட்டு, கீழ்செட்டு இரண்டும். கழற்றி ஏழு வாரம்தான், ஒரு ராத்திரி போடாவிட்டால்கூட நகரும். துடைக்கும் துணியைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். கேட்காதே, கேட்காதே என்று சொல்லிக்கொண்டே கூப்பிட்டேன்.

"ஐல்சா, ஏறிட்டியா? ரிடெய்னர இங்கயே மறந்துட்டுப் போயிட்ட."

"மறக்கலம்மா. என்னுது பையிலதான் இருக்கு. அது ரெண்டாவது செட்டு, தாவ்கிட்ட சொல்லி செஞ்சேன். அங்கயே இருக்கட்டும். ஒவ்வொரு தடவ வரப்பவும் அதையும் தூக்கிட்டு வரணுமா என்ன? சரி, வைக்கறேன், கூப்பிடறாங்க."

வைத்துவிட்டாள். நான் டப்பாவோடு குளியல்தொட்டி விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வெந்நீர் படாமல் குளிர்ந்த தண்ணீரில் இரண்டையும் கழுவி, துடைத்து, டப்பாவை என் பல்துலக்கிக்குப் பக்கத்தில் வைத்தேன்.